இல்லாத கப்பலின் வருகை அறிவித்தல்

எங்கள் முகாமையாளரைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லவேண்டுமென்றால், அவர் போட்டுவரும் சட்டை பின்னேரம் வரைக்கும் மடிப்புக் குலையாமல் இருக்கும். திருகோணமலை வெயிலில் அது லேசான காரியமில்லை. அதற்கு மேல் ஏதாவது கிடைக்குமா என்று நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். கிடைக்கவில்லை.

அவர் கொழும்புத் தலைமைக் கந்தோரிலிருந்து எங்கள் கிளைக்கு மாறி வந்தவர். நாங்கள் கப்பல் முகவர்கள். ஒரு கப்பல் துறைமுகத்துக்கு வருகிறதென்றால் அது வரப்போகிறது என்று உரிய ஆட்களுக்கு அறிவிப்பதும், வந்தபின் அதற்கு வேண்டியதைச் செய்து கொடுப்பதும் எங்கள் வேலை. கந்தோர் துறைமுக வீதிக்குப் பக்கத்தில் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது. யன்னலைத் திறந்தால் உள்துறைமுகத் தண்ணீர் தெரியும், அக்கரையில் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகள் தெரியும். முகாமையாளர் யன்னலைத் திறக்கவிடமாட்டார், ஏசி போய்விடுமாம். அந்த ஏசி வேலை செய்த நாட்கள் குறைவு.

நான் அங்கே கொம்பியூட்டர் பகுதியைப் பார்த்தேன். பகுதி என்றால் நான் ஒருத்திதான். இணையம் நின்றாலும் பிரிண்டர் கடதாசியை விழுங்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். முகாமையாளரின் போனில் எழுத்துச் சின்னதாகிவிட்டாலும் என்னைத்தான். கொழும்பில் கொஞ்சக்காலம் வேலை செய்துவிட்டு, அம்மாவுக்கு ஏலாமல் போனதால் அன்புவழிபுரத்து வீட்டுக்குத் திரும்பி வந்தவள் நான். கொழும்பில் வேலை செய்தவள் என்பதால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் என்று கந்தோரில் பேச்சு இருந்தது. அது கொழும்பால் வந்ததல்ல. பிறவியிலேயே இருந்தது.

அந்த வருடம் தலைமைக் கந்தோர் ஒரு மென்பொருள் கம்பனியிடமிருந்து ஒரு கருவி வாங்கியது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினால் இயங்கும் வகை. பட்டனும் இல்லை, படமும் இல்லை. கட்டளையைத் தட்டியவுடன் கப்பலின் பெயர் என்ன, எங்கேயிருந்து வருகிறது, எப்போது வருகிறது, எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். எல்லாம் கொடுத்து முடித்தால் வருகை அறிவித்தல் ஒரே நேரத்தில் எல்லாருக்கும் போகும். துறைமுகத்துக்கு, கப்பலை உள்ளே கொண்டுவரும் பைலட்மாருக்கு, தண்ணீர் கொடுப்பவருக்கு, கப்பலுக்குச் சாப்பாட்டுச் சாமான் கொடுப்பவருக்கு. முன்பெல்லாம் இதை நாங்கள் ஒவ்வொருவராகப் போனில் சொல்லுவோம். கருவி வந்தபின் அந்த அலுப்பு இல்லை.

முகாமையாளர் அந்தக் கறுப்புத் திரையைக் கண்டு பயந்தார். பயந்தாரென்று சொல்லமாட்டார். "இது ஓல்ட் டெக்னோலொஜி" என்பார். ஆனால் கொழும்பிலிருந்து மேலதிகாரி அம்மா அழைத்தால் அதே கருவியைப் பற்றி "எங்கட டிஜிட்டல் பிளாட்போர்ம்" என்று கதைப்பார்.

அந்தக் கருவியில் ஒரு விஷயம் நன்றாக இருந்தது. அதைத் தொடங்கமுதல் கொம்பியூட்டர் இயந்திரத்துக்குள் ஒரு சொல்லை எழுதி வைக்கலாம். 'சோதனை' என்று வைத்தால் அறிவித்தல் வெளியே போகாது, எங்கள் சொந்த மெயிலுக்கு மட்டும் வரும். 'நேரடி' என்று வைத்தால் எல்லாருக்கும் போகும். இப்படிக் கருவிக்கு வெளியே ஒரு சொல்லை எழுதி வைத்து, அதைப் பார்த்து நடக்கும்படி கருவிக்குச் சொல்லுவதைச் சூழல் அமைப்பு என்பார்கள். ஆட்களைப் பழக்கும்போது சோதனையில் வைக்கவேண்டும், உண்மையான வேலைக்கு நேரடியில் வைக்கவேண்டும். கையேட்டின் முதல் பக்கத்திலேயே அது இருந்தது. கையேட்டைப் படித்தவள் எங்கள் கிளையில் நான் மட்டும்தான்.

ஒருநாள் எல்லாரும் கருவியைப் பழகவேண்டும் என்று முகாமையாளருக்குத் தோன்றியது. தலைமைக் கந்தோர் கேட்டிருக்கும். முதலில் பழகவந்தவள் எனக்குப் பக்கத்து மேசைக்காரி. மூதூரிலிருந்து பஸ்ஸில் வருபவள். கணக்கும் கடிதமும் அவள் பொறுப்பு. என்னுடைய வயதுதான். வீட்டில் மாமியாரோடு ஒரே குசினியில் சமைக்கிறவள். அதனால் அவளுக்குக் கந்தோர் ஓய்வெடுக்கும் இடம் மாதிரி.

நான் 'சோதனை' என்று வைத்தேன். வைத்தது சரியா என்று இயந்திரத்தையே கேட்டு, அது திரும்பச் சொன்னதையும் திரையில் அவளுக்குக் காட்டினேன். பிறகு கருவியைத் தொடங்கினேன்.

"கப்பலுக்கு என்ன பேர் போட?" என்று கேட்டாள்.

"ஏதாவது போடுங்கோ. எங்கட மெயிலுக்குத்தானே வரப்போகுது."

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தன் மாமியாரின் பெயரைத் தட்டினாள். முழுப்பெயர்.

"எங்கேயிருந்து வருது?"

"கராச்சி எண்டு போடுங்கோ."

"சாமான்?"

"கோதுமை."

ஆட்கள் இருபத்திரண்டு பேர், நாளைக் காலை வருகை என்று கொடுத்து முடித்தாள். திரையில் 'அனுப்பப்பட்டது' என்று வந்தது. எங்கள் மெயிலுக்கும் ஒரு பிரதி வந்தது. அதைப் பார்த்து இருவரும் திருப்திப்பட்டோம். எங்களுக்குப் பிரதி எப்போதும் வரும், சோதனையிலும் வரும், நேரடியிலும் வரும். அதைப் பிறகுதான் யோசித்தேன்.

மறுநாள் காலை நான் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுப் படியேறும்போதே மேலே போன்கள் அடித்துக்கொண்டிருந்தன. பைலட் படகு துறைமுக வாயிலுக்குப் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றதாம். வயர்லெஸ்ஸில் கப்பலின் பெயர் சொல்லித் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்களாம். பதில் இல்லையாம். எங்கள் ஆள் ஒருவர் கீழே தேத்தண்ணிக் கடையில் ஒரு துறைமுகத் தொழிலாளியின் வயர்லெஸ்ஸில் அதைத் தன் காதால் கேட்டுவிட்டு வந்து சொன்னார்.

மூதூர்க்காரியின் முகம் வெளுத்துவிட்டது. கதிரையில் இருந்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். அழுகிறாளென்று நினைத்துப் பக்கத்தில் போனேன்.

"என்ட மாமியக் கடல்ல நிண்டு கூப்பிட்டிருக்காங்க" என்றாள். "அவ வீட்ட கூப்பிட்டாலே பதில் சொல்லமாட்டா."

சிரிப்பு அவளால் அடக்க ஏலவில்லை. எனக்கும்தான். அந்த நேரத்தில்தான் சாமான் கொடுக்கும் ஹாஜியார் படியேறி வந்தார்.

கிண்ணியாக்காரர். வயது அறுபதுக்கு மேல். கப்பல்களுக்கு மரக்கறி, முட்டை, மீன், பழம் எல்லாம் கொடுப்பவர். அவருடைய லொறி கீழே நின்றது. எங்களுக்கு முன்னால் நின்று என்னைத்தான் கேட்டார்.

"மகள், கப்பல் எங்க?"

"கப்பல் இல்லை ஹாஜியார்."

"பிந்துதோ?"

"பிந்தேல்லை. கப்பலே இல்லை."

அவர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"அப்ப இருபத்திரண்டு பேருக்கு ஆர் சாப்பாடு கேட்ட?"

முகாமையாளர் தன் கண்ணாடி அறைக்குள்ளிருந்து வெளியே வந்தார். சட்டை மடிப்போடு இருந்தது.

"ஹாஜியார், இது ஒரு சிஸ்டம் இஷ்யூ."

"சிஸ்டம் செலரி தின்னுமா?" என்று ஹாஜியார் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்வதற்காகக் கேட்பது போலத்தான் கேட்டார்.

கத்தரிக்காய், வெண்டிக்காய், முட்டை எல்லாவற்றையும் அவர் சந்தையில் தள்ளிவிடலாம். ஆனால் வெளிநாட்டுக் கப்பல்காரருக்கென்று மலைநாட்டிலிருந்து செலரிக் கீரையும் லெட்டஸும் எடுப்பித்திருந்தார். அதை இங்கே ஆர் வாங்குவது? லொறியிலிருந்து செலரிப் பெட்டிகளை இறக்கிப் படியால் தூக்கிவந்து எங்கள் வாசல் மேசைக்குப் பக்கத்தில் அடுக்கச் சொன்னார்.

"உங்கட கப்பலுக்கு வந்தது. உங்களிட்டயே இரிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்தச் செலரி மணம் கந்தோரைவிட்டுப் போகவில்லை. ஆட்கள் ஆளுக்கொரு கட்டு வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அம்மா அதைக் கீரை மாதிரிச் சுண்டிப் பார்த்தாள். அதற்குப் பிறகு அதை வீட்டுக்குக் கொண்டுவரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மிச்சத்தைக் கீழே காணிக்குள் போட்டோம். எங்கள் ஊர் வீதிகளில் மாடு மாதிரி அலையும் மான்கள் வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் பக்கத்தில் கிடந்த பழைய கடதாசிப் பெட்டியைத் தின்னத் தொடங்கின.

ஹாஜியார் வந்துபோன அன்று மத்தியானம் முகாமையாளர் எங்களை அறைக்குள் கூப்பிட்டார். வெள்ளைப் பலகையில் ஒரு வட்டம் கீறி அதற்குள் ஆங்கிலத்தில் 'மனிதப் பிழை' என்று எழுதியிருந்தார். வட்டத்துக்கு வெளியே ஒன்றும் இல்லை. விசாரணை தொடங்கமுதலே முடிவு எழுதப்பட்டிருந்தது. அவர் சுபாவமே அப்படித்தான். காரணம் எதுவாக இருந்தாலும் ஆள் கிடைத்தால் போதும்.

"தட்டினது ஆர்?" என்றார்.

"நான் சேர்" என்றாள் மூதூர்க்காரி.

"அப்ப எக்ஸ்பிளனேஷன் தரவேணும். எழுத்தில."

"அவ பிழை விடேல்லை சேர்" என்று நான் சொன்னேன். "சோதனையில வைச்சது நான். வைச்சதைத் திரும்பவும் பாத்தனான். கருவி அதைக் கேக்கேல்லை."

"கருவி எப்பிடிக் கேக்காமல் இருக்கும்? அது மெஷின். சொன்னதைச் செய்யும்."

"அதைத்தான் நானும் பாக்கவேணும். சேர், இந்த மெஷினில ஆராவது ஏதாவது மாத்தினதோ? கம்பனிக்காரர் வந்து போடேக்க நீங்கள் ஏதாவது சொன்னனீங்களோ?"

"நான் டெக்னிக்கல் ஆள் இல்லை. நான் என்னத்தைச் சொல்லப்போறன்?"

இந்தப் பதிலை நான் அப்படியே நம்பினேன். அவர் டெக்னிக்கல் ஆள் இல்லை என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை.

கம்பனியின் உதவித் தொலைபேசிக்கு எடுத்தேன். ஒரு பொடியன் ஆங்கிலத்தில் கதைத்தான். எந்த நாட்டு ஆங்கிலம் என்று சொல்லத் தெரியவில்லை. எல்லா நாட்டிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்திருந்தான்.

"ரீஸ்டார்ட் செய்து பார்த்தீர்களா?"

செய்தேன் என்றேன்.

"அந்தச் சொல்லை ஆங்கிலப் பெரிய எழுத்தில் போட்டீர்களா?"

போட்டேன் என்றேன்.

"கையேட்டை ஒருமுறை பார்த்தால் நல்லது."

கையேட்டில் எந்தப் பக்கம், என்ன வரி என்று நான் அவனுக்கு வாசித்துக் காட்டினேன். அவன் கேட்டுக்கொண்டான். பிறகு, எங்களிடத்தில் நன்றாக வேலை செய்கிறது என்றான். நான் அந்தப் பொடியனையும், அவனுக்கு மேலே இருப்பவனையும், இதை எழுதியவனையும் சேர்த்து மனதுக்குள் திட்டினேன். வெளியே எழுதி வைத்த சொல்லைத் திரும்பிப் பார்க்கத் தெரியாத கருவியை எழுதி விற்கிறார்கள், அதற்குக் கையேடு வேறு போடுகிறார்கள். இவர்கள் வீட்டில் வாசல் கதவில் 'நாய் கவனம்' என்று எழுதியிருந்தாலும் வாசிக்காமல் உள்ளே போகிற ஆட்களாகத்தான் இருப்பார்கள் என்று மூதூர்க்காரியிடம் சொன்னேன்.

பிறகு நானே இறங்கினேன். முதலில் இணைய வயரைப் பிடுங்கி வைத்தேன், இன்னொரு கப்பல் வெளியே போகாமல் இருக்க. பிறகு அந்தச் சொல் இருக்கவேண்டிய இடத்தில் 'சோதனை'யும் இல்லாமல் 'நேரடி'யும் இல்லாமல் 'கத்தரிக்காய்' என்று வைத்தேன். இது ஒரு சின்ன வழி. கருவி அந்த இடத்தைப் பார்க்கிறதென்றால் கத்தரிக்காயைக் கண்டதும் எனக்கு விளங்கவில்லை என்று கத்தவேண்டும். கத்தாவிட்டால் அது அந்தப் பக்கமே பார்க்கவில்லை என்று அர்த்தம்.

கருவி கத்தவில்லை. நேரடி முகவரியோடு தொடர்பு கொள்கிறேன் என்று அமைதியாகச் சொன்னது.

அப்போது எனக்கு ஒரு கேள்வி வந்தது. நான் தட்டும் கட்டளை உண்மையில் எந்தக் கோப்பை இயக்குகிறது? இயந்திரத்தைக் கேட்டேன். அது காட்டிய இடம் கையேட்டில் சொன்ன இடமில்லை. அதே பெயரில் இரண்டு கோப்புகள் இருந்தன. இயந்திரம் தேடிப்போகும் பாதையில் ஒன்று முன்னால் நின்றது, மற்றது பின்னால். முன்னால் நின்றது மிகவும் சின்னது. இவ்வளவு வேலை செய்யும் கருவி அவ்வளவு சின்னதாக இருக்க ஏலாது.

திறந்து பார்த்தேன். அதற்குள் இருந்தது சில வரிகள்தான். சூழலில் என்ன சொல் இருந்தாலும் அதை அழித்துவிட்டு 'நேரடி' என்று எழுது. பிறகு பின்னால் இருக்கும் உண்மையான கருவியை இயக்கு. அவ்வளவுதான்.

வாசலில் ஒரு காவல்காரனை நிறுத்தி, நான் கொடுத்தனுப்பும் துண்டை அவன் வாங்கிக் கிழித்துப்போட்டுவிட்டு, தன் கையால் வேறு துண்டு எழுதி உள்ளே கொடுத்துக்கொண்டிருந்தால் எப்படியோ அப்படி. உள்ளே இருந்த கருவிக்கு ஒன்றும் தெரியாது. அந்தச் சின்னக் கோப்பைத் தாண்டி உண்மையான கருவியை நேரே கூப்பிட்டேன். கத்தரிக்காய் என்ற சொல்லைத் தனக்குத் தெரியாது என்று சொல்லி உடனே நின்றுவிட்டது. 'சோதனை' என்று மாற்றினேன். சோதனை முகவரிக்குப் போகிறேன் என்றது. சொன்னதைச் செய்கிற நல்ல கருவி. அதை எழுதியவர்களை நான் வீணாகத் திட்டியிருந்தேன். அந்தத் திட்டை அவர்களிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டேன். வேறு யாருக்கோ தேவைப்படும் என்று தெரிந்தது.

சின்னக் கோப்பு கருவியை எங்கள் கந்தோரில் பொருத்திய அதே நாளில் எழுதப்பட்டிருந்தது. அன்று பொருத்த வந்தவன் கொழும்பிலிருந்து கறுப்புக் கண்ணாடியோடு வந்த ஒரு இளம் பொறியியலாளர். நான் அன்று லீவு, அம்மாவைக் கிளினிக்குக்குக் கொண்டுபோயிருந்தேன். அவன் வேலையை அவசரமாக முடித்துவிட்டு நிலாவெளிக்குக் குளிக்கப் போனதாகக் கேள்விப்பட்டேன். அவன் நம்பரைத் தேடி எடுத்துக் கதைத்தேன். தமிழ்ப் பொடியன்தான்.

"அந்தச் சின்னக் கோப்பு நீங்கள் எழுதினதோ?"

"ஓம் அக்கா. அதை உங்கட சேர் தான் போடச் சொன்னவர்."

"என்னெண்டு சொன்னவர்?"

"உங்கட ஆக்கள் சோதனையில வைச்சுட்டு மறந்துபோனால் உண்மையான கப்பல் அறிவித்தல் போகாமல் விட்டுடும், அப்ப தன்ர தலைக்குத்தான் வருமெண்டார். எப்பவும் நேரடியா இருக்கிற மாதிரிச் செய்து தா எண்டார். அது சரியில்லை, பழக்கேக்க பிரச்சினை வருமெண்டு நான் சொன்னனான். ஆருக்கும் சொல்லத் தேவையில்லை எண்டார்."

"நீங்கள் எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

"ஓம் அக்கா, சொல்லியிருக்கலாம்" என்றான். பிறகு, "நான் சொன்னதெண்டு சொல்லாதேங்கோ" என்றான்.

நான் போனை வைத்துவிட்டு யன்னலைத் திறந்தேன். உள்ளே காற்று வந்தது. நான் முதலில் என்னையே கேட்டது முகாமையாளர் பொய் சொன்னாரா, மறந்துபோனாரா என்பதை. பொய்யென்றால் பரவாயில்லை என்றுகூட எனக்குத் தோன்றியது. பொய் சொல்ல ஒரு மனுஷன் கொஞ்சமாவது யோசிக்கவேண்டும், நடந்ததை ஞாபகம் வைத்திருக்கவேண்டும், எங்களைக் கண்டு சற்றுப் பயப்படவும் வேண்டும். ஆனால் நான் பார்த்தவரைக்கும் அவர் உண்மையாகவே மறந்துவிட்டார். ஒருவனை வாசலில் நிறுத்திவிட்டு, அவனை நிறுத்தினதையே மறந்துவிட்டு, வீட்டுக்குள் ஆர் களவெடுத்தது என்று எங்கள் பையைக் கிண்டிப் பார்க்கிற ஆள். இதைக் கோபிப்பதற்கும் எனக்கு மனம் வரவில்லை. கோபம் கொஞ்சம் மதிப்புள்ளவர்களுக்குரியது.

அடுத்தநாள் தலைமைக் கந்தோரோடு திரையில் கூட்டம். மேலதிகாரி அம்மா ஒரு பக்கம், உதவித் தொலைபேசியில் கதைத்த கம்பனிப் பொடியன் ஒரு பக்கம், எங்கள் பக்கம் முகாமையாளர், நான், மூதூர்க்காரி. முகாமையாளர் ஆங்கிலத்தில் தொடங்கினார். கிளையில் ஒரு ஊழியர் கவனக்குறைவாக நடந்துகொண்டதாகவும், விளக்கம் கேட்டிருப்பதாகவும், இனிமேல் இப்படி நடக்காமல் தானே நேரில் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார்.

நான் இடையில் கதைத்தேன். கோப்பைத் திரையில் போட்டுக் காட்டி, என்ன நடந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கத்தரிக்காய் வரைக்கும் சொன்னேன். பொறியியலாளரின் பெயரை நான் சொல்லவில்லை. உதவித் தொலைபேசிப் பொடியனே தன் பக்கத்தில் ஏதோ தட்டிப் பார்த்துவிட்டு, "பொருத்தும்போது உங்கள் கிளை முகாமையாளரின் வேண்டுகோளின்படி போட்டது என்று எங்கள் பதிவில் இருக்கிறது" என்றான். உதவி என்ற பேரில் அவன் செய்த ஒரே உதவி அது.

எல்லாரும் முகாமையாளரைப் பார்த்தார்கள்.

அவர் முகம் மாறவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் வியப்பு. ஒரு வியர்வைத் துளியாவது வரும் என்று நினைத்திருந்தேன்.

"ஓம்" என்றார். "அது ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. நான்தான் போடச் சொன்னனான். உண்மையான அறிவித்தல் ஒண்டும் விடுபடக்கூடாது எண்டுதான்."

"அப்ப கையேட்டில சோதனை எண்டு வைச்சுப் பழக்கச் சொன்னது?" என்றேன்.

"அது பழக்கிறவர் பாத்திருக்க வேணும்."

மேலதிகாரி அம்மா, காரணம் கண்டுபிடிக்கப்பட்டது நல்லது, உடனே சரிசெய்து விசாரணைக் கோப்பை மூடுங்கள் என்றார். அவருக்கு அடுத்த கூட்டம் இருந்தது. திரை கறுத்துப்போனது. அவ்வளவுதான். மூதூர்க்காரியிடம் கேட்ட விளக்கத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. வேண்டாமென்றும் சொல்லவில்லை, வேண்டுமென்றும் சொல்லவில்லை.

முகாமையாளர் வெளியே வரும்போது என் மேசையில் நின்றார்.

"இதை நீங்கள் முதல்ல எனக்குச் சொல்லியிருக்க வேணும்."

"முதல்ல உங்களிட்டத்தான் கேட்டனான் சேர்."

"கேக்கிறது வேற, சொல்லுறது வேற" என்றார்.

அவர் அறைக் கதவு சாத்தும்வரை காத்திருந்துவிட்டு, சின்னக் கோப்பை அழித்தேன். கருவி அதற்குப்பிறகு சொன்னதைக் கேட்டது. முகாமையாளருக்கு அது நிம்மதி தரவில்லை. ஒவ்வொரு காலையும் வந்ததும் பையை வைக்கமுன்னரே "இண்டைக்கு எதில நிக்குது?" என்று கேட்பார். "நேரடியில" என்பேன். சோதனையில் வைத்திருந்த நாட்களிலும் அப்படித்தான் சொன்னேன். அவர் ஒருநாளும் திரையைப் பார்த்ததில்லை.

மூதூர்க்காரி விளக்கத்தை எழுதித்தான் கொடுத்தாள். வேண்டாமென்று நான் தடுத்தேன்.

"எழுதச் சொன்ன தானே. சொன்னா எழுதிக் குடுக்கிற" என்றாள்.

ஒரு கடதாசியில் அழகான எழுத்தில், கப்பலின் பெயரைத் தட்டியது தான் என்றும், அந்தப் பெயரில் கப்பல் இல்லாததால் கப்பல் வரவில்லை என்றும், இனிமேல் இருக்கிற கப்பல்களின் பெயரை மட்டும் தட்டுவதாகவும் எழுதியிருந்தாள். முகாமையாளர் அதை வாங்கி வாசித்து, ஒப்பம் வைத்து, கோப்பில் போட்டார். அதில் ஏதாவது பிழை அவருக்குத் தெரிந்ததாக நான் காணவில்லை.

ஹாஜியாரிடம் மன்னிப்புக் கேட்க முகாமையாளர் போகவில்லை. எங்களைப் போகச் சொன்னார். ஒரு பின்னேரம் நானும் மூதூர்க்காரியும் கிண்ணியாவுக்குப் போனோம். ஹாஜியார் கடைக்குள் வெங்காயச் சாக்குகளுக்கு நடுவில் இருந்தார். எங்களுக்குப் பிளேன்டீ எடுப்பித்தார். நான் நடந்ததை முழுதாகச் சொன்னேன். சின்னக் கோப்பைப் பற்றிச் சொல்லும்போது அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"அப்ப உங்கட சேருக்கு உங்கள்ல நம்பிக்கையில்ல" என்றார்.

"அவருக்கு ஆரிலயும் நம்பிக்கையில்லை ஹாஜியார்."

"அப்பிடியில்ல மகள். மெஷின்ல நம்பிக்கை இரிந்திரிக்கு. அத மாத்தினவன்ல நம்பிக்கை இரிந்திரிக்கு. உங்கள்லதான் இல்ல."

நான் இவ்வளவு நாளும் அந்த மனுஷனை மடையன் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் எங்களைத்தான் மடைச்சிகள் என்று நினைத்துத் தொடக்கத்திலேயே ஏற்பாடு செய்துவிட்டார் என்பது ஹாஜியார் சொல்லும்வரைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. பிளேன்டீ சூடாக இருந்தது. ஊதி ஊதிக் குடித்தேன்.

இரண்டு மழைக்காலம் போனபின் முகாமையாளருக்குக் கொழும்புக்கே பதவி உயர்வோடு மாற்றம் வந்தது. பிரியாவிடைக்கு ரோல்ஸும் கேக்கும் எடுத்தோம். அவர் ஒரு பேச்சுப் பேசினார். புதிய தொழில்நுட்பம் வந்தபோது ஒரு தவறு நடந்ததாகவும், ஆளைக் குற்றம் சொல்லாமல் காரணத்தை ஆராயவேண்டும் என்று அப்போதே தான் சொன்னதாகவும், அதனால்தான் பிரச்சினையைக் கண்டுபிடிக்க முடிந்ததாகவும் சொன்னார். ஆட்கள் கை தட்டினார்கள். நானும் கேக் தட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் மேசையைத் தட்டினேன்.

கந்தோர் முடிந்து இருவரும் பஸ் நிலையத்துக்கு நடந்தோம். ஸ்கூட்டி அன்று கராஜில். கடல் பக்கமிருந்து காற்று அடித்தது. மூதூர்க்காரி தன் மாமிக்கென்று கேக் துண்டொன்றைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்தாள்.

"அவர் பேசக்க உங்கட முகத்தப் பாத்தன்" என்றாள்.

"என்ன மாதிரி இருந்தது?"

"அருவருத்த மாதிரி. செத்த மீனப் பாக்கிற மாதிரி." கேக் பொதியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு கேட்டாள். "ஆக்கள இப்பிடியே பாத்துக்கிட்டு இரிந்தா உங்களுக்குக் களைப்பு வாறல்லயா?"

எனக்கு அவளிடம் பொய் சொல்லத் தோன்றவில்லை.

"இல்லை" என்றேன். "அதில நான் களைக்கிறேல்லை."

அவள் என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மூதூர் பஸ் புறப்படத் தொடங்கியதால் கையை ஆட்டிவிட்டு ஓடிப்போய் ஏறினாள். யன்னலோரம் இடம் கிடைத்ததா என்று பார்த்தேன். கிடைத்திருந்தது. நான் அன்புவழிபுரம் போகிற பஸ்ஸுக்காக நின்றேன். அது வழக்கம்போலப் பிந்தித்தான் வந்தது, வந்ததும் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் நின்றது. சாரதியை நான் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏறினேன்.